அஞ்சலை மேடைக்கு வரலாம்

கடலூரிலிருந்து பாகூருக்குப் போய்வந்ததை வெளிநாட்டுப் பயணம் என்று நான் சொன்னால் இப்போது வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். பஸ்ஸில் ஏறி ஒரு கண் அசருவதற்குள் வந்துவிடுகிற தூரம். ஆனால் யுத்தத்துக்கு முந்திய அந்த நாளில் அது மெய்யாகவே வேறு நாடு. இந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் ஆட்சி, அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆட்சி, நடுவில் ஒரு சுங்கச்சாவடி. வேடிக்கை என்னவென்றால், நான் பதினாறு வயது வரை வளர்ந்ததே அந்த வெளிநாட்டில்தான். கல்யாணமாகிக் கடலூர் வந்தபின் எட்டு வருஷம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அம்மா முன்பே போய்விட்டாள். அப்பாவும் காலமான பிறகு, பாகூர் வீடு பங்காளிகள் வசம் போயிற்று. போய் இறங்க அங்கே எனக்கென்று ஒரு வாசல் இல்லை.

போக வைத்தது ஒரு கடிதம். எழுதியவள் ஆரோக்கியமேரி. பாகூர்ப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவள்; பிறகு அதே ஊரில் பெண்பிள்ளைகளுக்கு வாத்தியார் ஆனாள். வில்லியனூர், பாகூர் இரண்டு கொம்யூனிலும் உள்ள எழுத்தாளர்களையும் சித்திரக்காரர்களையும் கூட்டி ஒரு விழா நடத்தப்போகிறார்களாம். கொம்யூன் என்பது பிரெஞ்சுப் பக்கத்தில் பல கிராமங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு வட்டாரம். வெளியூர்ப் புலவர்கள் யாரும் கிடையாது, எல்லாம் உள்ளூர் ஆட்கள். தேர்ந்தெடுக்கும் எழுத்தைப் புதுச்சேரி டவுனில் புத்தகமாக அச்சிட்டுக் கொடுப்பார்கள். "நம்மூரில் யார் யாரோ எழுதுகிறேன் என்று கிளம்பியிருக்கிறார்கள். பரீட்சையில் எனக்கும் சேர்த்துக் கட்டுரை எழுதியவள் நீ. அனுப்பு," என்று முடித்திருந்தாள்.

அதுவரை நான் மூன்று கதைகள் எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பியிருந்தேன். மூன்றும் தபால்காரர் கையிலேயே திரும்பி வந்தன. நாலாவதை இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினேன். அதைத்தான் ஆரோக்கியமேரிக்கு அனுப்பினேன். என் கணவர் கடலூர் மருந்துக்கடை ஒன்றில் கம்பவுண்டர். அதிகம் பேசமாட்டார். கதையை ஒரே மூச்சில் படித்துவிட்டு, "மூணு நாள் லீவு சொல்லிட்டு வரேன், போகலாம்," என்று மட்டும் சொன்னார்.

முதல் நாள் காலை பஸ். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டியதும் டயர் காற்று இறங்கிவிட்டது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். புளியமர நிழலில் ஆளாளுக்குப் பொட்டலத்தைப் பிரித்தோம். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் தன் தூக்குப்பாத்திரத்திலிருந்து கேழ்வரகு அடையைப் பிய்த்து, யார் எவர் என்று கேட்காமல் என் கையில் வைத்தாள். முருங்கைக்கீரை போட்டு நல்லெண்ணெயில் சுட்டது. கடலூரில் இந்த வாசனையையே மறந்திருந்தேன். நான் கொண்டுபோன மிளகாய்ப்பொடி இட்லி காய்ந்து கிடந்தது. அதை அவளுக்குக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் கொடுத்தேன்.

சாவடியில் எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்களைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. பிரெஞ்சுப் பக்கத்தில் துணியும் பட்டும் மலிவு. அதனால் திரும்பி வருகிறவர்களின் மூட்டையைத்தான் உதறிப் பார்ப்பார்கள்.

கன்னியக்கோயிலில் இறங்கி மாட்டுவண்டி பிடித்தோம். கரும்பு வெட்டுகிற காலம். வழியெல்லாம் வெல்லம் காய்ச்சுகிற புகை. பாதி தூரத்தில் வண்டிச் சக்கரத்தின் கடையாணி கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. வண்டிக்காரர் பதறவில்லை. பனங்கருக்கைச் சீவி ஆணியாக அடித்துவிட்டு, "பாகூர் வரிக்கும் தாங்கும். அப்பால அது பாடு," என்றார். தாங்கியது.

ஆரோக்கியமேரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாடி இப்பிடி இளைச்சிப் பூட்ட. கடலூர்ல சோறு போடறதில்லியா?"

இதைச் சொல்லிவிட்டுத்தான் என் கணவர் பின்னால் நிற்பதைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, "வாங்கண்ணே, உள்ள வாங்க," என்றாள். அவர் சிரித்தார். அவள் வீட்டில் சாப்பிடுவதற்கு எங்கள் சாதிக்காரர்கள் அந்த நாளில் யோசிப்பார்கள். இவர் யோசிக்காமல் கையைக் கழுவிக்கொண்டு இலையில் உட்கார்ந்தார். ஏரி விரால் குழம்பு. கடலூர்க்காரருக்குக் கடல்மீன்தான் மீன்; ஏரிமீனைச் சேற்று வாடை என்பார். அன்று மூன்று தரம் குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் விழா நடக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். விழாக் கமிட்டிக்குச் செயலாளர் தணிகாசலம் என்பவர். டவுனில் பத்திரம் எழுதிப் பதிகிற ஓர் அதிகாரியிடம் குமாஸ்தாவாக இருந்தவர். கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. ஊரில் அவரை எல்லோரும் பிரெஞ்சு வழக்கப்படி 'முசே', அதாவது ஐயா, என்றுதான் கூப்பிட்டார்கள். முன்னால் இருந்த காகிதக் கட்டிலிருந்து என் கதையை எடுத்தார்.

"கோகிலம், கடலூர்னு போட்டிருக்குதே. கடலூர் எப்பம்மா நம்ம கொம்யூன்ல சேந்துது?"

"இந்த ஊருல வளந்தவ முசே. எங்கூடப் படிச்சவ," என்றாள் ஆரோக்கியமேரி.

"வளந்தது சரி. குடியிருக்கறது எங்க?"

"கடலூர்ல," என்றேன்.

பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கமிட்டிப் பெரியவர் ஒருவர், என்னைப் பார்க்காமலே, "கட்டிக்குடுத்த பொண்ணு எப்பிடிப்பா நம்ம ஊர்க்காரி ஆவா? அது கடலூராளு," என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னார். எனக்குக் காது சுட்டது. கடலூரில் எட்டு வருஷமாக என்னைப் 'பாகூர்ப் பொண்ணு' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

தணிகாசலம் மட்டும் விதிக் காகிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தார். "கொம்யூன்ல குடியிருக்கணும், இல்லாட்டி பொறந்திருக்கணும். நீ பொறந்தது எங்கம்மா?"

"வில்லியனூர்ல. எங்கம்மாவுக்குத் தாய் வூடு. தலைப்பிரசவத்துக்கு அங்க போயிருந்தாங்க."

"அப்பன்னா ஒரு வழி கீது. வில்லியனூர் மெரியில பொறப்புப் பதிவு இருக்கும். நகல் வாங்கிக்கினு வா. நாளன்னிக்குக் காலையில கூட்டம் ஆரம்பிக்கிறதுக்குள்ள காகிதம் எங்கைக்கு வந்துட்டா உன் கதை உண்டு. வரலைன்னா இல்ல."

மெரி என்றால் மேயர் அலுவலகம். வெளியே வந்ததும், வேண்டாம் திரும்பிப் போய்விடலாம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் எங்களை ஏற்றிவந்த வண்டிக்காரரைத் தேடிப் போய்விட்டார்.

மறுநாள் விடியும்போது வண்டி வாசலில் நின்றது. சக்கரத்தில் புது இரும்புக் கடையாணி. கரிக்கலாம்பாக்கம் வழியாகப் போனோம். ஒரு காப்பிக் கடையில் நிறுத்தினார்கள். அங்கே தட்டில் இட்லியும் இருந்தது, பக்கத்திலேயே முழநீள ரொட்டியும் இருந்தது. கோவணத்தோடு வந்த ஒருவர் ரொட்டியைக் காப்பியில் தோய்த்து வெகு நாகரிகமாகத் தின்றார். கடலூரில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரருக்கு. என் கணவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் தானும் ஒன்று வாங்கினார்.

சங்கராபரணி ஆற்றில் முழங்கால் தண்ணீர். வண்டியை அப்படியே உள்ளே இறக்கினார்கள். நடு ஆற்றில் மாடு நின்று நிதானமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. எனக்கோ மெரி மூடிவிடுமோ என்று தவிப்பு. "குடிக்கட்டும்மா. அதுக்கின்னா பொறந்த காகிதமா வாங்கணும்," என்றார் வண்டிக்காரர். அக்கரையில் துணி துவைத்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வில்லியனூர் மெரியில் பதிவேட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்கிறவர். அப்பா பேர், அம்மா பேர், வருஷம் எல்லாம் கேட்டுக்கொண்டு, தோல் அட்டை போட்ட பெரிய புத்தகம் ஒன்றை இறக்கினார். எல்லாம் பிரெஞ்சில் இருந்தது. விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"கோகிலம்னு யாரும் இல்லியேம்மா."

நான் புத்தகத்தின் மேல் குனிந்தேன். "நல்லாப் பாருங்க ஐயா."

"நீங்க சொன்ன அப்பா அம்மாவுக்கு ஒரு பொண் கொழந்த இருக்குது. பேரு அஞ்சலை."

"அது நான் இல்ல."

"உங்களுக்கு அக்கா, தங்கச்சி?"

"யாரும் இல்ல. நான் ஒருத்திதான்."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அப்ப நீங்கதாம்மா அது."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயரைக் கேட்டு நான் முகம் சுளித்தேன். எங்கள் பாகூர் வீட்டில் நாற்று நட வருகிறவர்களில் நாலைந்து அஞ்சலைகள் இருந்தார்கள். 'அஞ்சலை, சாணி எடு', 'அஞ்சலை, தண்ணி ஊத்து' என்று நானே சின்ன வயதில் கூப்பிட்டிருக்கிறேன். கோகிலம் என்று எழுதி அடிக்கோடிட்டுப் பழகியவளுக்கு அந்தப் பெயர் யாருடைய சேலையையோ எடுத்துக் கட்டிவிட்டது மாதிரி இருந்தது. அன்று சுளித்ததற்கு இன்று வெட்கப்படுகிறேன். ஆனால் அன்று சுளித்தேன்.

பிறப்பைச் சொல்லி எழுதவைத்தவர் என்று என் தாய்மாமன் பெயர் இருந்தது. மாமா அதே ஊரில்தான் கரும்பு வைத்துக்கொண்டு இருந்தார். நகலை வாங்கிக்கொண்டு நேரே அங்கே போனோம். எட்டு வருஷம் கழித்து வந்த மருமகளைப் பார்த்து அவருக்குக் கை கால் ஓடவில்லை. மாமி கறிக்குழம்பும் ரொட்டியுமாகக் கொண்டுவந்து வைத்தாள். நான் சாப்பிடாமல் காகிதத்தை நீட்டினேன்.

மாமா முதலில் சிரித்தார். அப்புறம் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"உங்கம்மா மூணு நாளு வலியில துடிச்சா. ரெண்டு உசுரும் தங்காதுன்னு மருத்துவச்சி சொல்லிட்டா. அஞ்சலை அம்மன் பேரச் சொல்லி, பொண்ணு பொறந்தா உம்பேரை வெக்கிறேன் தாயேன்னு நான் வெளிய நின்னு கும்புட்டேன். நீ பொறந்த. நேரா மெரிக்குப் போயி எழுதிட்டு வந்துட்டேன். உங்கப்பாருக்கு அந்தப் பேரு புடிக்கல. பாகூருக்கு இட்டுக்கினு போனதும் கோகிலம்னு கூப்புட ஆரம்பிச்சிட்டாரு. நானும் சரி, கொழந்த நல்லா இருந்தா போதும்னு வாயை மூடிக்கினேன்."

"அம்மா எங்கிட்ட ஒரு நாள்கூடச் சொல்லலியே மாமா."

"அவ வாய்க்குள்ள அஞ்சலைன்னுதான் கூப்புடுவா. உனக்குக் காய்ச்சல் வந்தா காதுல சொல்லுவா. ஞாபகம் இல்லியா?"

எனக்கு ஞாபகம் இல்லை. இருந்திருக்கக் கூடாதா என்று அன்றிலிருந்து எத்தனையோ முறை தேடிப் பார்த்திருக்கிறேன். இல்லை. திரும்பி வரும்போது ஆற்றங்கரை வரை அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். கணவர்தான், "பேரா கதை எழுதிச்சு? நீதானே எழுதின," என்றார்.

மூன்றாம் நாள் காலை தணிகாசலம் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். "பலே, சரியா கீது," என்று சொல்லி, என் கதையின் தலைப்பில் இருந்த 'கோகிலம், கடலூர்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, 'அஞ்சலை, வில்லியனூர்' என்று எழுதினார்.

"கோகிலம்னே இருக்கட்டுமே ஐயா. பழகின பேரு."

"காகிதத்துல எந்தப் பேரு இருக்குதோ அதாம்மா. ரெண்டு பேரு போட்டா ரெண்டு ஆளு ஆயிடும். கோகிலம் கடலூராளு. அஞ்சலைதான் நம்மாளு."

வெற்றிலைப் பெரியவரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்கும் திருப்தி.

அந்தப் பள்ளிக்கூடத் தாழ்வாரம் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. சுவர் நெடுகப் படங்கள். கரும்பு விவசாயி ஒருவர் சாக்குத் துணியில் செங்கல் பொடியும் மஞ்சளும் குழைத்துப் பாகூர் ஏரியை எழுதியிருந்தார். மதகுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கு. அதைப் பார்க்க வந்த ஊர்க்காரர்கள் எந்த மதகு என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி வந்த ஒரு பெரியவர் கப்பல்களை மையால் வரைந்து, கூடவே தன் கதையையும் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அத்தனை பேரும் வயலிலிருந்தும் கடையிலிருந்தும் எழுந்து வந்தவர்கள். ஒருவர் படத்தை ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்பது மாதிரி நின்று பார்த்தார்கள். அதற்கப்புறம் பெரிய பெரிய மண்டபங்களில் எழுத்தாளர் கூட்டங்களைப் பார்த்துவிட்டேன். அப்படிப் பார்த்தவர்களை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

"அஞ்சலை, மேடைக்கு வரலாம்."

நான் எழுந்திருக்கவில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். ஆரோக்கியமேரி தொடையில் கிள்ளிய பிறகுதான் எழுந்தேன்.

கதை இதுதான். அக்கா தங்கை இருவர். தங்கையைப் பாகூர்ப் பக்கம் கொடுத்திருக்கிறது, அக்காவைக் கடலூர்ப் பக்கம். அக்கா செத்துப்போகிறாள். பிணத்துக்குப் போர்த்தும் பிறந்த வீட்டுக் கோடியாகப் புதுச்சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு தங்கை ஓடுகிறாள். சாவடியில் சேலையைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். வெறுங்கையோடு அவள் போய்ச் சேரும்போது தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவ்வளவுதான். வாசிக்க ஆரம்பித்தபோது என் குரல் நடுங்கியது. பாதியில் எப்படியோ நடுக்கம் நின்றது. முடித்ததும் கை தட்டினார்கள்.

பரிசு விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அது சைகோன் பெரியவருக்குப் போயிற்று. அவர் எழுதியதைக் கேட்ட யாரும் வேறு யாருக்கும் கொடுத்திருக்க முடியாது. நானும் கை தட்டினேன். அந்த வருஷமே யுத்தம் வந்து, காகிதம் கிடைக்காமல், அவர் புத்தகமும் அச்சாகவில்லை என்று பின்னால் ஆரோக்கியமேரி எழுதினாள். அந்த விழாவும் மறுபடி நடக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் நான் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். அங்கே ஒரு பெண் குடத்தோடு நின்றாள். என் வயதுதான் இருக்கும். விழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் மூன்று நாளாகத் தண்ணீர் சுமந்தவள்.

"எம்பேரும் அஞ்சலைதாம்மா," என்றாள். "காலையில அஞ்சலை மேடைக்கு வரலாம்னு கூப்புட்டாங்களா, தண்ணி கேக்குறாங்களாக்கும்னு கொடத்தத் தூக்கிக்கினு ஓடியாந்தேன். வந்து பாத்தா நீங்க போயி நிக்கிறீங்க."

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

"எம்பேர்ல ஒருத்தவங்க இன்னா படிக்கிறாங்கன்னு சன்னலாண்ட நின்னேன். நடுவுலதான் வந்தேன். மின்னாடி இன்னா நடந்துச்சுன்னு தெரியல. கொஞ்சம் சொல்றீங்களா?"

கிணற்றடிக் கல்லில் இருவரும் உட்கார்ந்தோம். முதலிலிருந்து கடைசி வரை அவளுக்கு மட்டும் வாசித்தேன். மேடையில் நடுங்கிய குரல் அங்கே நடுங்கவில்லை. அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். சேலையைப் பிடித்து வைக்கிற இடத்தில் 'த்சு' என்றாள்.

"நல்லாத்தாம்மா இருக்குது. ஆனா அவ ஏன் சேலைய மூட்டையில வெச்சி எடுத்தாந்தா?"

"வேற எப்பிடிக் கொண்டுபோறது?"

"கட்டிக்கினு போவணும்மா. எங்கக்கா கடலூர் மஞ்சக்குப்பத்துல செத்தப்ப நான் அப்பிடித்தான் கொண்டுபோனேன். கட்டியிருந்த பழஞ்சேலை மேலயே கோடிய சுத்திக்கினேன். ஒடம்புல படல பாருங்க, அதனால அது கோடிதான். சாவடியில பாத்தான். பொம்பள கட்டியிருக்கறத அவுறுன்னா சொல்லுவான்? தலைய ஆட்டிக்கினு போனேன். அக்கா வாசல்ல போயி அவுத்துப் போத்துனேன்."

இரண்டு மாதம் எழுதினேன். எத்தனை தரம் அடித்து அடித்துத் திருத்தினேன். சேலையைக் கட்டிக்கொண்டு போகலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"அதை அப்படியே நான் எழுதிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"எழுதிக்கங்களேன். எம்பேருதான போட்டிருக்குது," என்று சொல்லிவிட்டு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

கடலூருக்கு வந்து முடிவை மாற்றி எழுதினேன். அடுத்த வருஷம் ஒரு பத்திரிகை அதைப் போட்டது. நான் அச்சில் பார்த்த என் முதல் கதை அது. தலைப்புக்குக் கீழே அஞ்சலை என்று இருந்தது. மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கோகிலம் என்ற லட்சணமான பெயர் இருக்கும்போது இது என்ன என்று கேட்டார். அதற்குப் பின் எழுதிய எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டேன்.

பத்திரிகையின் ஒரு பிரதியைப் பாகூருக்கு அனுப்பினேன். ஆரோக்கியமேரி அதை எடுத்துக்கொண்டு போய், கரும்பு வெட்டுகிற வயலின் வரப்பில் நின்று, அஞ்சலைக்கும் அவளோடு வேலை செய்தவர்களுக்கும் வாசித்துக் காட்டினாளாம். கோடி போர்த்துகிற இடம் வந்ததும் அஞ்சலை, அடுத்து என்ன வரும் என்பதை ஆரோக்கியமேரிக்கு முன்னாலேயே எல்லோருக்கும் சொல்லிவிட்டாளாம்.